ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமா?

(மேல்மலையனூரில் கூத்துக் கலைஞர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. "ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்பார்கள். பத்திரிகையில் எழுதுகிறார்கள், தேர்தல் மேடையில் ஒருவரை ஒருவர் ஏசும்போது சொல்கிறார்கள், டீக்கடையிலும் சொல்கிறார்கள். ஆனால் சொல்கிறவர் எவரும் ஒரு கூத்தாடியைக் கூப்பிட்டு, "ஐயா, இது மெய்தானா?" என்று கேட்டதில்லை. இன்று இங்கே கூத்தாடிகளே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே அந்தப் பழமொழியை அவர்கள் முன்னிலையிலேயே விசாரித்துவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

பழமொழியின் பொருள் என்ன? ஊரில் இரண்டு கட்சி. ஒரு கட்சி ஒரு கூத்து வைத்தால் மறு கட்சி போட்டிக்கு இன்னொரு கூத்து வைக்கும். கூத்தாடிக்கு இரட்டை வரும்படி. ஆகையால் ஊர்ச் சண்டையில் குளிர்காய்பவன் கூத்தாடி. இதுதான் அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றம். இந்தக் குற்றம் பொய் என்று நான் வாதாடப் போகிறேன். சாட்சி சொல்ல வெளியூர் போக வேண்டாம். நம் செஞ்சிச் சீமையே சாட்சி.

கோட்டை நின்றது, கூத்தும் நின்றது

மேல்மலையனூர் என்றால் தமிழ்நாட்டுக்கு அங்காளம்மன் நினைவுக்கு வருகிறாள். அமாவாசை இரவில் ஊஞ்சல் பார்க்க ஜனங்கள் வெள்ளம்போல் வருகிறார்கள். மாசியில் மயானக் கொள்ளை. செஞ்சி என்றால் கோட்டை நினைவுக்கு வருகிறது. அந்தக் கோட்டையை எத்தனை பேர் ஆண்டார்கள்! நாயக்கர்கள் ஆண்டார்கள். பீஜப்பூர் சுல்தானின் படை வந்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் முகலாயர் பிடித்தனர். 1714-ல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துத் தேசிங்கு மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரர், 1761-ல் ஆங்கிலேயர். கொடிகள் மாறின, பீரங்கிகள் மாறின, வரி வாங்குகிற கை மாறியது.

அந்தக் கோட்டையின் நிழலில், பழைய செஞ்சி என்று சொல்லப்படும் மேலச்சேரியில், திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் ஆதிக் கோயில் அதுதான் என்பது இந்த வட்டாரத்து ஜனங்களின் நம்பிக்கை. இந்தக் கோயில்களில் நடக்கும் பாரத விழாவையும் கூத்தையும் ஆராய்ந்து ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 1991-ல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்று அந்த நூலுக்கே தலைப்பில் நம் ஊரின் பெயரை வைத்தார். கடல் கடந்து வந்தவருக்கு நம் கூத்தின் அருமை தெரிந்தது. பக்கத்துப் பட்டணத்துக்காரருக்குத் தெரியவில்லை!

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. அது நமக்கெல்லாம் பெருமைதான். கல்லுக்குக் காவல் கிடைத்தது. ஆனால் அந்தக் கல்லைவிட உயிருள்ள ஒன்று அதன் அடிவாரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறதே, அதற்குக் காவல் யார்? கோட்டைக்குள் ராஜா இல்லை. தேசிங்கு ராஜன் இன்று எங்கே இருக்கிறான்? கூத்துக் களத்தில், ஒரு கூலிக்காரன் தலையில் வைத்த மரக் கிரீடத்தில் இருக்கிறான். அந்தக் கூலிக்காரன் ஆடுவதை நிறுத்தினால் தேசிங்கு இரண்டாம் முறை சாவான்.

விடியும் வரை ராஜா

நம் ஊர் இளைஞர்கள் சிலர் ஒரு பாரதத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை என்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்.

பங்குனி தொடங்கி ஆடி வரை பாரதக் காலம். ஒரு ஊரில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்து, பாமர ஜனங்களுக்குப் புரியும்படி கதை சொல்வார். பகலில் சொன்ன கதையை இரவில் கூத்து நடத்திக் காட்டும். துகிலுரிதல், கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம் என்று இரவுக்கு ஒரு கதை. அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் பனை உயரத்துக்குக் கம்பம் நட்டு, வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து அவர் வீசும் வில்வத்துக்கும் எலுமிச்சம் பழத்துக்கும் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் காலையில் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் தெருவை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிப்பாள். மாலையில் தீமிதி.

மேடை இல்லை. திரைச்சீலையை இரண்டு பேர் பிடிப்பார்கள். பின்பாட்டுக்காரருக்கு ஒரு பெஞ்சு. மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம். அவ்வளவுதான் சாமான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. எடை குறைவான மரம் என்பதால்தான் அதைக் கட்டிக்கொண்டு ஆட முடிகிறது. இந்தக் கட்டைகளை வைத்துத்தான் கட்டைக்கூத்து என்ற பெயர் வந்தது. முன்பு தீவட்டி வெளிச்சம், பிறகு காஸ் லைட், இப்போது மின்விளக்கு. வெளிச்சம் மாறியது, சலங்கை மாறவில்லை.

இந்தக் களத்தில் ஒரு ஆள் இருக்கிறான். அவன்தான் கட்டியக்காரன். ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுபவனும் அவன்தான், அந்த ராஜாவைக் கேலி செய்பவனும் அவன்தான். துரியோதனன் முன் நின்று, "மகாராஜா, உம் நாட்டில் அரிசி என்ன விலை?" என்று கேட்பான். பெட்ரோல் விலையைக் கேட்பான். நூறு நாள் வேலைக்குச் சம்பளம் ஏன் வரவில்லை என்று கேட்பான். ஜனங்கள் சிரிப்பார்கள். அது வெறும் சிரிப்பா? பகலில் எவரிடத்தில் வாய் திறக்க முடியாதோ அவரை இரவில் ஒரு ஏழை நேருக்கு நேர் கேட்கிறான் என்ற நிம்மதிச் சிரிப்பு அது!

அந்த இரவு முழுதும் ராஜாவாக இருந்தவன் விடிந்ததும் யார்? தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைக்கிறான். கண்ணில் மை போகவில்லை. அப்படியே பஸ் ஏறி ஊர் போய், மல்லாட்டை பிடுங்கப் போகிறான். அல்லது நாற்றங்காலுக்கு மடை திருப்பப் போகிறான். ஆடி கழிந்து கூத்து நின்றால் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறான். அங்கே சித்தாளோடு சித்தாளாகச் செங்கல் சுமக்கும் அந்த மனிதன், பதினெட்டு நாள் பாரதத்தையும் பாட்டோடு மனப்பாடமாக வைத்திருக்கிறான் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

ஒரு ஜமாவில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர். அவர்கள் வாங்கும் தொகையில் வண்டிச் செலவு போகும். கட்டை, உடுப்பு, வாத்தியச் செலவு போகும். மிச்சம் வேடத்துக்குத் தக்கபடி கூலியாகும். பல பேர் காலம் தொடங்குமுன் வாத்தியாரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வாத்தியார் அதை வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருப்பார். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கினவன் நிலை எதுவோ, அதற்குக் கொஞ்சம் பக்கத்து நிலைதான் கூத்துக்காரன் நிலையும்.

கீழ்த்தரம் என்றார்கள்

இந்தக் கலையை இகழ்ந்தவர்கள் யார்? 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்தார்கள். நாடகத்துக்குக் கௌரவம் வந்தது. அது நல்ல காரியம்தான். ஆனால் நாடகத்துக்குக் கௌரவம் வந்தபோது கூத்துக்குக் கேவலம் வந்தது. கொட்டகையில் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது நாடகம், தெருவில் சும்மா பார்ப்பது கூத்து என்று பிரித்தார்கள். "என்ன கூத்தடிக்கிறாய்?" என்பது வசைச் சொல்லாயிற்று. அந்தக் காலத்திலும் கூத்து சாகவில்லை. சென்னை இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகத்தார் மலிவு விலையில் அச்சிட்ட கூத்துப் புத்தகங்கள் கிராமந்தோறும் போயின. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் படிக்க, பத்துப் பேர் கேட்டுப் பாடம் செய்தார்கள்.

சர்க்காருக்கும் பயம் இருந்தது. 1876-ல் வெள்ளைக்காரன் நாடகங்களைத் தடுக்கச் சட்டம் போட்டான். வெள்ளைக்காரன் போன பிறகும் 1954-ல் சென்னை மாகாணம் அதே வழியில் ஒரு சட்டம் போட்டது. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில்தான், 2013-ல், சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கலைஞனுக்குக் கிடைத்த உரிமை எதுவும் தானாகக் கனிந்து விழவில்லை. எவரோ ஒருவர் போய்க் கேட்டதால் கிடைத்தது.

கூத்தின் மதிப்பு தெரிந்த சிலரும் இருந்தார்கள். புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் கூத்தை விடாமல் காத்தார்கள். புரிசைக் கூத்தைக் கண்டு வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி, 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1990-ல் காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் கலைஞர்களைச் சேர்த்துக் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் படித்தார்கள் பிள்ளைகள். அதில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். சபை நடுவே நின்று, "என்னைப் பணயம் வைக்க உமக்கு என்ன உரிமை?" என்று கேட்கும் பாஞ்சாலியைத் தலைமுறை தலைமுறையாக ஆண்களே ஆடினார்கள். ஒரு பெண் தன் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்டால் களம் அதிராதா?

ஊர் இரண்டுபட்ட கதை

இப்போது பழமொழிக்கு வருகிறேன்.

நம் விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது கோயிலுக்குள் சென்ற தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, முடிவு வரவில்லை. ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். 2024-ல் உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில்தான் பொதுஜனங்களுக்குத் திறந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டார்கள்.

தர்மராஜா பெயரில் கோயில்! அந்தக் கோயில் வாசலில் தர்மம் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் முத்திரைக்குள் கிடந்தது.

தோழர்களே, ஊர் இரண்டுபட்டதே, கூத்தாடிக்குக் கொண்டாட்டம் வந்ததா? பூட்டிய கோயிலில் பாரதம் ஏது? பிரசங்கம் ஏது? துகில் ஏது, தபசு ஏது? ஊர் இரண்டுபட்டால் முதலில் வரி பிரிப்பது நிற்கும். பிறகு கொடியேற்றம் நிற்கும். தாம்பூலம் கொடுத்து வைத்த ஜமாவுக்கு ஆள் அனுப்பி, "இந்த வருஷம் வேண்டாம்" என்பார்கள். சண்டை போட்ட இரு கட்சியும் அவரவர் வீட்டில் சோறு தின்னும். கூத்தாடி வீட்டில்தான் உலை கொதிக்காது!

என் சிறு பிராயத்தில் எங்கள் ஊரில் கூத்து பார்க்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு போவோம். களத்துக்கு மூன்று பக்கமும் ஊர் ஜனங்கள். தூரத்தில், வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம், சேரி ஜனங்கள் நின்றுகொண்டே பார்ப்பார்கள். விடிய விடிய நிற்பார்கள். கர்ணன் பிறப்பைச் சொல்லி அவனைச் சபையில் அவமதிக்கும் கட்டத்தில் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் கண்ணீர் விட்டார்கள். தேரோட்டி மகன் என்று இகழ்ந்ததற்காக அழுதவர்கள், திரும்பி வைக்கோற்போர்ப் பக்கம் ஒரு முறை பார்க்கவில்லை. நானும் அன்று பார்க்கவில்லை. அதை இன்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

சில ஊர்களில் அந்தக் கோடு அழிந்துவிட்டது. சில ஊர்களில் இன்னும் அழியவில்லை. ஜமாக்களுக்குள்ளேயே அந்தக் கோடு இருக்கிறது என்றால் முன்வரிசைத் தோழர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்ன ஜாதி ஜமா, இன்ன ஜாதித் தெருவுக்குத்தான் ஆட வேண்டும் என்ற வழக்கம் எங்கெல்லாம் உண்டு என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கத்தால் உங்கள் தொழிலுக்கு என்ன லாபம்? கூத்தாடியைப் பிரித்து வைத்தால் கூலியைக் குறைப்பது எளிது. இந்த ஜமா கேட்டதைவிட அந்த ஜமா குறைத்துக் கேட்கும். ஊர் இரண்டுபட்டாலும் நஷ்டம், கூத்தாடி இரண்டுபட்டாலும் நஷ்டம்.

இரண்டு வருஷம் சலங்கை ஒலிக்கவில்லை

2020 மார்ச் மாதம் 25-ந் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அது பங்குனி மாதம். கூத்துக் காலத்தின் வாசற்படி. அந்தக் காலம் முழுதும் போயிற்று. மறு வருஷமும் அதே பங்குனி, சித்திரையில் நோய் இரண்டாம் முறை வந்தது. ஒரு விவசாயிக்கு இரண்டு போகம் பொய்த்தால் ஊரே பேசும். கூத்தாடிக்கு இரண்டு காலம் பொய்த்தது, எவர் பேசினார்? 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது. ஆனால் அதில் பதிவு செய்தவருக்குத்தான் அதன் உதவி. மனு எழுதத் தெரியாதவரும், சான்று வாங்க அலைய நாளில்லாதவரும் பதியாமலே இருந்துவிட்டார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலத்தில் சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசாங்கம் சலுகை தரலாம். நோயாளிக்கும் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும். விதியின் நோக்கம் தவறல்ல. ஆனால் கூத்து தொடங்குவதே பத்து மணிக்குத்தான்! நடுநிசியில் நிறுத்தச் சொன்னால் கர்ணன் களத்துக்கு வருமுன் மோட்சம் போக வேண்டியதுதான். ஒலிபெருக்கி வருமுன் கூத்தாடியின் தொண்டையே ஒலிபெருக்கியாக இருந்தது. களத்துக்குள் மட்டும் கேட்கும்படி ஒலியைக் குறைத்து ஆட நாமும் பழக வேண்டும். விடிய விடிய ஆடுவதே இக்கலையின் இயல்பு என்று அரசாங்கமும் உணர்ந்து வழி செய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

முதலில் நம்மையே நாம் கேட்டுக்கொள்வோம். 1943-ல் இந்திய மக்கள் நாடக மன்றம் பிறந்த நாளிலிருந்து, முற்போக்காளர்கள் கிராமியக் கலைகளை மேடைக்கு அழைத்தோம். நல்லது. ஆனால் பல சமயம் எப்படி அழைத்தோம்? கூட்டம் தொடங்குமுன் ஜனங்களைச் சேர்க்க அரை மணி நேரம் ஆடச் சொன்னோம். தலைவர் வந்ததும், "போதும், நிறுத்துங்கள்" என்றோம். இரவு முழுதும் ஆட வேண்டிய கலையை அரை மணியில் நறுக்கினோம். சால்வை போட்டோம்; கூலியை மறந்தோம். சுற்றுலா விழாவில் மற்றவர் செய்ததைத்தான் நாமும் செய்தோம். இந்தத் தவறு திருத்தப்பட வேண்டும்.

இரண்டாவது, விழா நடத்தும் ஊர்ப் பெரியவர்களுக்கு. தாம்பூலம் மாற்றும்போதே தொகை என்ன, முன்பணம் என்ன, மழை பெய்து நின்றால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாய்ச்சொல்லில் நிற்கும் கூலி விடிந்ததும் தேய்ந்து போகிறது. ஆடுகிறவர்களுக்கு வேடம் கட்ட ஒரு மறைவான இடம், குடிக்கத் தண்ணீர், கழிப்பிடம், நல்ல சோறு கொடுங்கள். ராஜா வேடம் கட்டுபவன் வேலி ஓரத்தில் உட்கார்ந்து அரிதாரம் பூசுவது ஊருக்கு அழகல்ல.

மூன்றாவது, கூத்துத் தோழர்களுக்கு. ஜாதி பார்க்காமல் வட்டாரத்து ஜமாக்களெல்லாம் ஒரு சங்கமாகச் சேருங்கள். இன்ன தொகைக்குக் கீழே எந்த ஜமாவும் தாம்பூலம் வாங்காது என்று முடிவு செய்யுங்கள். வாரியத்தில் பதியாதவர் ஒருவரும் இருக்கக் கூடாது; எழுதத் தெரிந்த இளைஞர்கள் மனு எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெண் பிள்ளை தாளத்தோடு காலை வைத்தால், "உள்ளே போ" என்று சொல்லாதீர்கள். அவளுக்கும் ஒரு ஜோடிச் சலங்கை கட்டுங்கள்.

நான்காவது, அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது. நம் வட்டாரப் பள்ளிகளில் கூத்து வாத்தியார்கள் சம்பளத்தோடு பாடம் சொல்லட்டும். ஆவணி முதல் மாசி வரை கூத்தில்லாக் காலத்துக்கு உதவித்தொகை வேண்டும். கோட்டையைப் பார்க்க உலகம் வரப்போகிறது. வருகிறவர் கல்லை மட்டும் பார்த்துத் திரும்பாமல், ஓர் இரவு கூத்தும் பார்க்கட்டும். ஆனால் அது அரை மணிக் கூத்தாக இருக்கக் கூடாது, முழுக் கூத்தாக இருக்கட்டும். இனாமாக அல்ல, உரிய கூலிக்கு நடக்கட்டும்!

கடைசியாக, எல்லோருக்கும் ஒன்று. அடுத்த பங்குனியில் நம் ஊர்களில் கொடி ஏறும். அன்று களத்தின் மூன்று பக்கமும் பாய் விரியுங்கள். ஊர்ப் பாயும் சேரிப் பாயும் ஒட்டிக் கிடக்கட்டும். வைக்கோற்போருக்கு அந்தப் பக்கம் ஒருவரும் நிற்க வேண்டாம். கர்ணனுக்காக எல்லோரும் சேர்ந்து அழுவோம்; கட்டியக்காரனோடு எல்லோரும் சேர்ந்து சிரிப்போம்.

அந்தக் களத்தில் விடியும்போது பழமொழியும் திருந்திவிடும். கூத்தாடியின் மேல் இத்தனை காலமாகச் சுமத்திய பழியை நாமே இறக்கி வைத்துவிட்டு, நம் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுப்போம்:

ஊர் ஒன்றுபட்டால்தான் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!